போகிக்கு முன் ஒரு வாரம்

மார்கழி கடைசி வாரத்தில் குமணன்சாவடி சந்திப்பில் நின்றாலே பொங்கல் நெருங்குவது தெரிந்துவிடும். மெட்ரோ பாலத்தின் நிழலில் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, பிள்ளைகளுக்கான சின்னச் சின்ன போகி மேளங்கள். உள்ளே பிரியும் தெருக்களில் மொட்டை மாடிக்கு மாடி மெத்தை காய்கிறது. கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி என்று பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகச் சாவடிப் பெயர்கள். வழிப்போக்கர்கள் இரவு தங்கிப் போன இடங்கள். இப்போது வருகிறவர்கள் தங்கிப் போவதில்லை, தங்கியே விடுகிறார்கள். அவர்களோடு வந்த சாமான்களும் அப்படித்தான்.

வீட்டை ஒழிப்பது உடம்புக்கு நல்லது என்பதில் மருத்துவர்களுக்கும் பாட்டிமார்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சிக்கல், எப்படி ஒழிக்கிறோம், ஒழித்ததை என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. வருஷம் முழுக்க ஏறிய சாமானைப் போகிக்கு முதல் நாள் ஒரே மூச்சில் இறக்கி, விடியற்காலையில் வாசலில் போட்டுக் கொளுத்தும்போது, வீட்டுக்குள் இருந்த தொல்லை தெருவுக்கு வருகிறது. தெருவில் இருப்பது மறுபடி மூச்சு வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

மாடி மூலையில் ஒரு டயர்

இந்தப் பக்கத்து மொட்டை மாடி எதில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஒரு பைக் டயர், பெயின்ட் வாளி, மண் காய்ந்த பூந்தொட்டி, மூடி தொலைந்த டிரம். வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கும். டெங்கு மழைக்காலத்தோடு போய்விட்டது என்று தோன்றும்.

போகவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அடுத்த மழையோ, குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீரோ தொட்டால் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். டயரின் உள்வளைவு இதற்கென்றே செய்து வைத்த தொட்டில் மாதிரி: நிழல், ஈரம், கவிழ்த்தாலும் கொட்டாத தண்ணீர்.

அதனால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வரும் போகி, கொசு ஒழிப்புக்குப் பஞ்சாங்கமே பார்த்துக் கொடுத்த நாள். டிரம்மையும் வாளியையும் கவிழ்த்தால் மட்டும் போதாது. உள்சுவரை நாரும் சோப்பும் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் இழுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து வெளிச்சம் பார்த்திருக்காது.

பரணில் கை வைக்கும் முன்

அடுக்குமாடி வீட்டில் அதற்கு லாஃப்ட் என்று பெயர். பழைய வீட்டில் பரண். இரண்டிலும் இருப்பது ஒன்றுதான். டி.வி. வந்த அட்டைப்பெட்டியும் அதன் தெர்மகோலும், தொட்டில், உடைந்த மிக்சி, பத்து வருஷத்துப் பாடப்புத்தகம், யாரோ கல்யாணத்தில் கொடுத்த பை நிறையப் பைகள். இவற்றின் மேல் படிந்திருப்பது வெறும் மண் தூசி அல்ல. கரப்பான் பூச்சியின் எச்சமும் உதிர்ந்த தோலும், பூஞ்சைத் துகளும் அதில் கலந்திருக்கும். ஆஸ்துமாவைத் தூண்டுவதில் கரப்பான் தூசிக்கு நீண்ட பெயர் உண்டு. மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப் பூச்சி கண்ணுக்கே தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. உறைகளைக் கொதிக்காத, ஆனால் கை பொறுக்காத வெந்நீரில் (55 டிகிரிக்கு மேல்) துவைத்தால் அது சாகும். வெயில், மெத்தையின் ஈரத்தை எடுத்து அதற்கு வாழ்க்கையைக் கஷ்டமாக்கும்.

காய்ந்த துடைப்பத்தால் பரணைத் தட்டிப் பெருக்கினால் இத்தனையும் பறந்து, மூக்கு உயரத்தில் வந்து நிற்கும். ஈரத்துணியால் துடைத்து எடுப்பதுதான் முறை. மேலிருந்து கீழே: முதலில் பரண், பிறகு ஃபேன், அலமாரி, கடைசியாகத் தரை. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வீசிங் இருக்கிற குழந்தையோ பெரியவரோ இருந்தால், அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் இன்னும் கவனம் வேண்டும். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், கையில் இருக்கும் சின்னச் சிராய்ப்பு வழியாகக்கூட உள்ளே போகும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு துடைத்து எடுக்க வேண்டும்.

ஏறுவது எப்படி? கட்டில் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் அம்மா. இதுதான் பெரும்பாலான வீட்டு ஏணி. அண்ணாந்து ஒட்டடை அடிக்கும்போது தலை சுற்றுவது சாதாரணம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சாதாரணம். எலும்பு தேய்ந்த வயதில் ஒரு விழுகை இடுப்பு எலும்பை முறித்தால், பொங்கல் மட்டுமல்ல, அடுத்த சில மாதங்களே படுக்கையில் போய்விடும். அறுபது தாண்டியவர் கீழே நின்று எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று சொல்லட்டும். ஏற வேண்டியது பேரன்.

அந்துருண்டை, ஆசிட், சுண்ணாம்பு

பீரோவின் அடித்தட்டில் இருந்து ஒரு பழைய பட்டுத் துணியோ கம்பளியோ எடுத்து, பண்டிகைக்கு வந்திருக்கும் கைக்குழந்தையைச் சுற்றி வைப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். அந்தத் துணியில் அந்துருண்டை வாசனை இருந்தால் நிறுத்துங்கள். நாப்தலின் ஆவி, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங் குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்தே இருக்காது. துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, வாசனை போன பிறகே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும். உருண்டைகளைப் பொறுக்கும்போது எண்ணிப் பொறுக்குங்கள். தவழும் பிள்ளைக்கு அது கற்கண்டு மாதிரிதான் தெரியும்.

குளியலறையைப் பளிச்சென்று ஆக்கும் ஆசையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டையோ கழிவறை திரவத்தையோ ஊற்றுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, முதல் உலகப்போரில் ஆயுதமாகவே பயன்பட்டது. ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் கண் எரிச்சலும் இருமலும் நெஞ்சு இறுக்கமும் சில நொடிகளில் தொடங்கும். கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழியை அரித்துக்கொண்டு உள்ளே போகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். உடனே குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பழைய வீட்டில் பெயின்ட் சுரண்டுவதாக இருந்தால் நனைத்துச் சுரண்டுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த பெயின்டில் எவ்வளவு ஈயம் என்பது சுவருக்குத்தான் தெரியும்.

மருந்து டப்பா

பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த மருந்துகளை ஒழிக்கவும் இதுவே நேரம். பாதி சாப்பிட்டு நிறுத்திய ஆன்டிபயாடிக், திறந்து ஒரு வருஷமான கண் சொட்டு மருந்து, யாருடையது என்றே தெரியாத மாத்திரை அட்டை. இவை அடுத்த காய்ச்சலுக்கு உதவும் என்று வைத்திருப்பதுதான் ஆபத்து. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இன்சுலின் ஊசிகள் சேர்ந்திருக்கும். அவற்றை அப்படியே குப்பைப் பையில் போட்டால், மறுநாள் காலையில் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே எழுதி ஒட்டி, தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். காலாவதி மருந்து, ஊசி, டியூப்லைட், பேட்டரி, உடைந்த பாதரச வெப்பமானி, பெயின்ட் டப்பா இவற்றையெல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனியாகப் பிரித்தன.

யார் தலையில் விழுகிறது

லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி இருவரும், கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகும் 30 குடும்பங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டைச் சுற்றிக்காட்டி அவரவர் பேசியதைப் பதிவு செய்து, எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். காலையில் கூடி மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டிய ஹார்மோன் அது. வீடு அடைசலாகக் கிடக்கிறது, முடியாத வேலை கிடக்கிறது என்று பேசிய மனைவிகளுக்கு அந்த இறக்கம் குறைவாக இருந்தது. கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

குமணன்சாவடியில் இதற்கு ஆய்வு தேவையில்லை. அலுவலகம் போய்வந்து, பொங்கல் பலகாரமும் பார்த்து, பரணையும் ஒழிப்பது ஒரே ஆள் என்றால் பண்டிகை அன்று அவருக்கு முதுகுவலிதான் மிஞ்சும். நாளுக்கு ஓர் அறை என்று ஒரு வாரத்துக்குப் பிரித்து, அறைக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குவது எளிது. போகிக்கு முதல் நாள் மாலைக்குள் வேலை முடிந்திருந்தால், விடிகாலையில் கொளுத்துவதற்கு வாசலில் எதுவும் இருக்காது. எரிப்பதை நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

அந்த ஒரு காலை

2018 ஜனவரி 13, போகி. அன்று காலை சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாத அளவுக்குப் புகையும் பனியும் சூழ்ந்தன. இறங்க வந்த விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன; கிளம்ப வேண்டியவை மணிக்கணக்கில் காத்து நின்றன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எரிந்தது ஒரு கை அளவு நெருப்புதான். எல்லாம் சேர்ந்து ஒரு மாநகரத்தின் வானத்தையே மூடிவிட்டன.

ஏன் மேலே போகவில்லை? மார்கழி இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழே தங்க, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. காற்று வீச்சும் குறைவு. புகை அந்த மூடியை முட்டித் திரும்பி, பனித்துளியோடு கலந்து தெருவிலேயே கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது கலையும். வருஷத்தில் புகை போடவே கூடாத நேரம் எது என்று கேட்டால், ஜனவரி மாதத்து விடியற்காலை நான்கு மணியைச் சொல்லலாம். நாம் சரியாக அந்த நேரத்தைத்தான் பிடித்திருக்கிறோம்.

எரிவதும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் தீக்குப் போனது தேய்ந்த துடைப்பம், கிழிந்த கோரைப்பாய், உடைந்த முறம். இன்று பிளாஸ்டிக் பாய், பாலியஸ்டர் சேலை, ரெக்சின் பை, ஸ்பான்ஜ் மெத்தை, டயர். டயர் எரிந்தால் கந்தக டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் வரும். பிவிசி வயரும் பைப்பும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும். தெர்மகோல் எரிந்தால் ஸ்டைரீன். இவற்றோடு பிஎம் 2.5 என்ற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியோ சளியோ அதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் காற்றறை வரை போகும். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15.

மேளம் அடிக்கும் பிள்ளை நெருப்புக்கு மிக அருகில், புகையின் உயரத்திலேயே நிற்கிறது. பெரியவர்களைவிட வேகமாகவும் மூச்சு விடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் அன்று காலை ஒன்பது மணி வரை ஜன்னலை மூடி உள்ளே இருப்பது நல்லது. இன்ஹேலரில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று இரண்டு நாள் முன்பே பார்த்துவிடுங்கள். பண்டிகைக் காலையில் மருந்துக்கடை தேடி அலைய முடியாது. மூச்சு இழுத்து, பேசவே திணறினால் 108.

போகி என்றதும் எல்லாரும் எடுத்துவிடும் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற நன்னூல் நூற்பா, மொழியில் வழக்கிழந்து போவதையும் புதிதாக வந்து சேர்வதையும் பற்றியது. அதை எழுதிய பவணந்தி முனிவர் எதையும் கொளுத்தச் சொல்லவில்லை.

யாரிடம் கொடுப்பது

இரும்பு, பேப்பர், அட்டை, பால் கவர், பிளாஸ்டிக் குடம் எல்லாம் காயலான் கடைக்கு. காசும் வரும். பழைய வயரை எரித்துச் செம்பு எடுக்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை, புதியது வாங்கும் கடையிலேயே விலைக்குக் கழித்துக்கொள்ளலாம். நல்ல துணி, பள்ளிப் பை, புத்தகம் ஆகியவற்றைத் துவைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிசலைத் தானம் என்று சொல்வது அவமானம். மிச்சத்தை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் கழிவு என்று பிரித்து, வாசலுக்கு வரும் நகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் சேருங்கள். போகியை ஒட்டி டயர், டியூப், பிளாஸ்டிக்கை எரிக்காமல் ஒப்படைக்கச் சொல்லி உள்ளாட்சிகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வருஷாவருஷம் அறிவிக்கின்றன. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

சாங்கியம் விடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், தேய்ந்த துடைப்பத்தின் நாலு ஈர்க்கைக் கொளுத்தினால் போதும். அந்த மாடி மூலை டயரை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்கிவிடுங்கள்.