பாரசீக மன்னர்களின் அங்கி தெரிகிறது, முகம்?

சைரஸ், டேரியஸ், செர்க்ஸஸ் ஆகியோரின் ‘உண்மையான முகம்’ என்று கணினி வரைந்த படங்கள் இணையத்தில் உலவுகின்றன. தோலின் சுருக்கம்வரை காட்டும் அந்தப் படங்களுக்கு ஆதாரம் ஏதுமில்லை. இறந்தவரின் முகத்தை மீட்டெடுக்க முதலில் மண்டையோடு வேண்டும். எலும்பின் மேல் எங்கே எவ்வளவு சதை இருந்திருக்கும் என்று கணக்கிட்டுத்தான் முகத்தை வனைவார்கள். இவர்களின் அகாமனிசிய வம்சத்து மன்னர் ஒருவருடைய மண்டையோடும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் தலைநகரான பெர்சபோலிஸ் அருகே, நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில் குடைந்த நான்கு அரச கல்லறைகளும் எப்போதோ கொள்ளைபோய்விட்டன.

சிற்பங்கள் ஏராளமாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். 1936இல் எரிக் ஷ்மிட் குழுவினர் பெர்சபோலிஸ் கருவூலத்தில் கண்டெடுத்த புடைப்புச் சிற்பத்தைப் பாருங்கள். மன்னர் அரியணையில் அமர்ந்திருக்கிறார், பின்னால் பட்டத்து இளவரசர் நிற்கிறார். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நீண்ட தாடி. தந்தை யார், மகன் யார் என்று வயதை வைத்துச் சொல்ல வழியில்லை. அமர்ந்திருப்பவர் டேரியஸா செர்க்ஸஸா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அரசன் என்ற பதவிக்கு ஒரு முகம் வகுத்துவிட்டார்கள்; யார் அரியணை ஏறினாலும் சிற்பி அதையே செதுக்கினார். பெஹிஸ்தூன் மலைச் சிற்பத்தில் டேரியஸின் தாடியைத் தனிக் கல்லில் செய்து, இரும்பு ஆணியும் ஈயமும் கொண்டு பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தாடிக்கு அத்தனை முக்கியத்துவம். சூசாவில் 1972இல் கிடைத்த டேரியஸின் பெரிய சிலைக்கோ தலையே இல்லை.

ஆனால் உடையைப் பற்றி நமக்குத் தெரிந்தது வியக்கவைக்கும் அளவுக்கு அதிகம். இன்று சாம்பல் நிறத்தில் நிற்கும் பெர்சபோலிஸ் ஒரு காலத்தில் வண்ணமயமாக இருந்தது. கல்லின் இடுக்குகளில் செங்காவியும் எகிப்திய நீலமும் துகள்களாக ஒட்டியிருக்கின்றன. மணல், சுண்ணாம்பு, செம்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டுச் செய்த நிறமி இந்த எகிப்திய நீலம். சாதாரண ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் அகச்சிவப்புக் கதிரை உமிழும். அந்தக் கதிரைப் பதிவு செய்யும் கேமராவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத துகளும் வெண்புள்ளியாக மின்னும்.

எழுத்துச் சான்றும் துணைக்கு வருகிறது. கி.மு. 401இல் பாரசீக இளவரசர் ஒருவரின் படையில் கூலிவீரராக இருந்த கிரேக்கர் செனபோன், மன்னரின் ஊதா அங்கியில் நடுவே வெள்ளை ஓடும் என்றும், வேறு யாரும் அப்படி உடுத்தக் கூடாது என்றும் எழுதினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமானியரான கர்ட்டியஸ், மூன்றாம் டேரியஸின் உடையை ஏறக்குறைய அப்படியே வருணிக்கிறார். 1831இல் பொம்பேயில் ஒரு வீட்டின் தரையில், அலெக்சாந்தரும் இதே மூன்றாம் டேரியஸும் மோதும் காட்சியைக் காட்டும் பெரிய மொசைக் கிடைத்தது. அதில் தேரில் நிற்கும் டேரியஸின் அங்கியிலும் நடுவில் வெள்ளைப் பட்டை! ஒரு கிரேக்கர், ஒரு ரோமானியர், சின்னஞ்சிறு கற்களைப் பதித்த கைவினைஞர் என மூன்று பேரும் ஒத்துப்போகிறார்கள். அந்த வெள்ளைப் பட்டையைத் தயங்காமல் வரையலாம். மொசைக்கில் அவர் முகம் பதறுகிறது, கண்கள் விரிந்திருக்கின்றன. அந்த முகமோ கலைஞர் கற்பனை செய்தது.

பின்னால் பாரசீகத்தை ஆண்ட சாசானிய வம்சத்தார் விஷயத்தில் இன்னொரு வாய்ப்பு இருந்து, கைநழுவிப்போனது. கி.பி. 915இல் இஸ்தக்ர் நகரில், உயர்குடிப் பாரசீகர் ஒருவரின் வீட்டில் பெரிய நூல் ஒன்றைப் பார்த்ததாக வரலாற்றாசிரியர் அல்-மசூதி எழுதியிருக்கிறார். சாசானிய வம்சத்தில் ஆட்சி செய்த 25 ஆண்கள், 2 பெண்கள் ஆகியோரின் படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொருவரும் இறந்த நாளில் எப்படி இருந்தாரோ அப்படியே, முதியவரோ இளையவரோ, கிரீடத்தோடும் தாடியோடும் தீட்டப்பட்டிருந்தனராம். நூல் இன்று இல்லை. ஹம்சா இஸ்பஹானி என்ற இன்னொரு வரலாற்றாசிரியர், எந்த மன்னருக்கு எந்த நிறச் சட்டை, எந்த நிறக் கால்சட்டை, எந்தக் கிரீடம் என்று இத்தகைய ஒரு நூலிலிருந்து குறித்துவைத்தார். சாசானிய மன்னர்கள் தமக்கெனத் தனிக் கிரீடம் வைத்துக்கொண்டதால், அவருடைய வருணனையை நாணயங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிகிறது. நிறங்களுக்குத்தான் வேறு சாட்சி கிடைப்பது அரிது.

முகத்துக்கு நம்மை மிக அருகில் கொண்டுபோவது, இந்த இரு வம்சங்களுக்கும் இடையில் ஆண்ட பார்த்தியரின் வெள்ளி நாணயங்கள். கி.மு. 53இல் ரோமானியத் தளபதி கிராசஸின் படை பார்த்தியரிடம் அழிந்தபோது ஆட்சியில் இருந்தவர் இரண்டாம் ஓரோடிஸ். அவருடைய நாணயங்களில் நெற்றியில் ஒரு மரு துருத்திக்கொண்டிருக்கிறது. மகன் நான்காம் பிராட்டிஸுக்கும், பின்வந்த சில மன்னர்களுக்கும் அதே மரு. மயிர்க்காலில் தோன்றி, குடும்பவழி வரக்கூடிய தீங்கற்ற கட்டியாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். காலப்போக்கில் அது உடற்குறி என்ற நிலை மாறி, ‘நானும் அந்த வம்சம்தான்’ என்று காட்டும் முத்திரையாகவும் ஆகியிருக்கக்கூடும். அதனால் பிற்கால மன்னர்கள் விஷயத்தில் நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையின் தொடக்கத்தில் யாரோ ஒருவருக்கு அந்த மரு மெய்யாகவே இருந்திருக்க வேண்டும். அரசனை அழகாகக் காட்ட வேண்டிய நாணயச்சாலைச் சிற்பிக்கு, இல்லாத மருவைப் புதிதாகச் செதுக்க எந்தக் காரணமும் இல்லை.