தொண்டை நோவும் கழுத்துக் கட்டியும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் தினக்கூலிக்கு உழைப்போர், தொண்டை கட்டினால் உப்புநீரைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குச் செல்வதே வழக்கம். அதில் பிழையில்லை, சாதாரணத் தொண்டை நோவு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே தணிந்துவிடும். தணியாததை அசட்டை செய்வதே அபாயம்.

குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், கழுத்துக் கட்டி அதற்குள் கரையாவிட்டாலும், உணவு விழுங்குவது நாளுக்கு நாள் கடினமானாலும் வைத்தியரை நாடுவதில் தாமதம் கூடாது. நோவில்லாத கட்டியால் தீங்கில்லை என்று நம் ஜனங்கள் எண்ணுகிறார்கள். இது பெரும் பிழை. புற்றுக் கட்டியும் சரி, முன்னோர் கண்டமாலை என்றழைத்த க்ஷயக் கட்டியும் சரி, தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. புகையிலையும் மதுவும் பழகியோர் இன்னும் விழிப்பாயிருத்தல் அவசியம்.

கண்டமாலை என்றதும் கலங்க வேண்டுவதில்லை. க்ஷயரோகியை வீட்டிலிருத்தியே மருந்தால் குணப்படுத்தலாமென்று 1959-ல் உலகுக்கு மெய்ப்பித்தது, 1956-ல் நம் சென்னையிலே தோன்றிய சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையமன்றோ? இன்று க்ஷயத்துக்குரிய மருந்து அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது; கழுத்துக் கட்டிக்குப் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை போதும்.

மூச்சு முட்டினாலும், உமிழ்நீரையும் விழுங்க இயலாவிட்டாலும், கடும் ஜுரத்தோடு கழுத்து விறைத்தாலும், குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிற ஆடை படர்ந்தாலும் ஒரு நாழிகையும் பொறுக்கலாகாது. உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.

கூலி உயர்வுக்குப் போராடும் சங்கத்தார், கழுத்தில் கட்டியோடு எந்திரத்தின் முன் நிற்கும் தோழரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதையும் தம் கடமையாகக் கொள்வாராக. அரை நாட் கூலிக்கு அஞ்சி ஓர் உயிரை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.