மோட்டார் போட்டதும் பிரேக்கர் விழுந்தால்...



நம்ம தோட்டங்களிலிருந்து கொழும்புக்குப் போன பிள்ளைகள் பாமன்கடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடையில் நிற்பவர்கள், வீட்டு வேலை பார்ப்பவர்கள், மாடிக் கட்டிடங்களில் காவலுக்கு இருப்பவர்கள் என்று பல மாதிரி. பாமன்கடையில் காவலுக்கு இருக்கிற தம்பி ஒருவர் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது கேட்டார்: "ஐயா, தண்ணி மோட்டார போட்டா பிரேக்கர் விழுந்துடுது. தூக்கி விட்டா மறுபடியும் விழுது. மேல்வீட்டுக்காரங்க தண்ணி இல்லன்னு சத்தம் போடுறாங்க. என்ன செய்றது?"

இதையே ஸ்டோரில் ராத்திரி வேலை பார்க்கிறவர்களும் கேட்கிறார்கள். அங்கே தண்ணீர், இங்கே கொழுந்து. ட்ரஃப் விசிறி ஓடவில்லை என்றால் குவிந்த கொழுந்து சூடேறிச் சிவந்து போகும். அந்த அவசரத்தில்தான் ஆட்கள் பிரேக்கரைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுகிறார்கள். கையைச் சுட்டுக்கொள்வதும், மோட்டாரை எரித்துவிடுவதும் அந்த நேரத்தில்தான்.

பிரேக்கர் ஏன் ஓடும்போது சும்மா இருந்து, போடும்போது மட்டும் விழுகிறது? கொழுந்துக் கூடையை நினைத்துப் பாருங்கள். முக்கல் எல்லாம் தரையிலிருந்து தூக்கும்போதுதான். நடக்க ஆரம்பித்த பிறகு அவ்வளவு இல்லை. மோட்டாரும் அப்படியே. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, ஓடுகிறபோது இழுப்பதைப் போல 6 முதல் 8 மடங்கு கரண்ட் இழுக்கும். 400 வோல்ட் மூன்று பேஸில் ஓடும் 10 குதிரைவலு மோட்டார் ஒன்று சாதாரணமாகச் சுமார் 15 அம்பியர் எடுக்கும். நேரடியாகக் கிளப்பினால் 90, 100 அம்பியர் கூடப் போகும். வேகம் பிடித்ததும் இறங்கிவிடும்.

பிரேக்கருக்குள் இரண்டு காவல்காரர் இருக்கிறார்கள். ஒருவர் சூட்டில் வளையும் ஒரு தகடு. இவர் நிதானமானவர், கொஞ்ச நேரம் பார்த்துத்தான் விழுத்துவார். மற்றவர் ஒரு காந்தச் சுருள். கரண்ட் அளவு மீறிப் பாய்ந்தால் கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடுவார். அதனால் பிரேக்கர் விழுந்ததும் முதலில் யோசிக்க வேண்டியது, போட்ட உடனே விழுந்ததா, சில செக்கன் கழித்து விழுந்ததா என்பதுதான். பாதி வைத்தியம் அதில் இருக்கிறது.

சுவிட்சைத் தொட்ட உடனே, அச்சு அசையுமுன்னே 'டப்' என்று விழுந்தால் வயரிலோ, மோட்டாரின் உள்சுற்றிலோ ஷார்ட் இருக்கலாம். இதில் வாசனையும் சாட்சி சொல்லும். வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் ஒரு தடவை கூடத் திரும்பப் போடக் கூடாது.

மோட்டாரில் ஒரு குறையும் இல்லாமலும் இப்படி விழும். பிரேக்கரின் முகத்தில் அம்பியர் எண்ணுக்கு முன்னால் பி, சி, டி என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பி வகை, தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்ட் பாய்ந்தால் உடனே வெட்டும். சி வகை 5 முதல் 10 மடங்கில், டி வகை 10 முதல் 20 மடங்கில் வெட்டும். பழைய பிரேக்கர் பழுதாகி, யாரோ கடையில் "32 அம்பியர் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டு பி வகையை வாங்கி மாட்டியிருந்தால், நல்ல மோட்டாரையும் அது கிளம்ப விடாது. வாங்கப் போகும்போது எண்ணோடு எழுத்தையும் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

விழுந்தது எந்த சுவிட்ச் என்றும் பாருங்கள். சின்ன பிரேக்கர் விழாமல் மெயின் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தால், கரண்ட் எங்கேயோ நிலத்துக்குக் கசிகிறது என்று அர்த்தம். வீடுகளில் இருக்கிற ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும். மனித உயிரைக் காக்கத்தான் அது. பாமன்கடைப் பக்கம் கடற்காற்று, கால்வாய் ஈரம், மழைக்குத் தண்ணீர் நிற்கும் பம்புக் குழி எல்லாம் சேர்ந்து மோட்டாருக்குள் ஈரத்தை ஏற்றிவிடும். மலையில், அடைமழையில் நாலு நாள் ஸ்டோர் மூடிக் கிடந்து திறந்தாலும் இதே கதை. எலக்ட்ரீசியன் மெகர் கருவியால் 500 வோல்ட் விட்டு அளந்து பார்ப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், காய வைத்த பிறகுதான் கரண்ட் கொடுக்கலாம்.

இரண்டாவது வகை: மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமும், சுற்றாது, சில செக்கனில் பிரேக்கரோ ஸ்டார்ட்டரின் ஓவர்லோட் ரிலேயோ விழும். மூன்று பேஸ் மோட்டாராக இருந்தால் ஒரு பேஸ் வரவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு ஃபியூஸ் போயிருக்கும், அல்லது ஸ்டார்ட்டரில் ஒரு தொடுப்பு கருகியிருக்கும். வீட்டுப் பம்புக்கு ஒரே பேஸ்தான். அங்கே உறுமல் கேட்டால் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் துருப்பிடித்து உள்ளே இறுகியிருக்கும். அந்தத் தம்பியின் பம்பில் கப்பாசிட்டர்தான் போயிருந்தது. கரண்டை நிறுத்திய பிறகும் கப்பாசிட்டருக்குள் கரண்ட் தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள். உறுமுகிற மோட்டாரின் விசிறியைக் குச்சியாலோ கையாலோ தள்ளிக் கிளப்புகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். விரல் போனால் வராது.

ஸ்டோரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பாரம். ரோலர் நிறையக் கொழுந்து போட்டு அழுத்தம் இறக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடும். கரண்ட் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால் அது எப்படிக் கிளம்பும்? அழுத்த மூடியைத் தூக்கி, தேவையானால் கொழுந்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போட வேண்டும். ட்ரையரின் பெரிய ஊதுவிசிறியைக் காற்றுக் கதவை மூடிக் கிளப்பி, வேகம் பிடித்த பிறகு திறக்க வேண்டும். (பழைய காலத்து ஸ்டோர்களில் ஒரே எஞ்சின், நீளமான ஷாஃப்ட், தோல் பெல்ட். பாரம் கூடினால் பெல்ட் வழுக்கிவிடும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். இப்போது அந்த அடியை மோட்டாரே வாங்குகிறது.)

லைனில் வோல்டேஜ் குறைந்தாலும் இதே உறுமல்தான். வோல்டேஜ் 100க்கு 80 ஆகக் குறைந்தால் மோட்டாரின் இழுப்பு 100க்கு 64 ஆகிவிடும். கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரம் ரொம்ப மோசம், எல்லோரும் ஒரேயடியாகப் போடுவார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் யாருக்கும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி, நாடு முழுக்கக் கரண்ட் போனதாக அமைச்சரே சொன்னார். குரங்கை நாம் தடுக்க முடியாது. கரண்ட் வந்ததும் ஒவ்வொரு மெஷினாக, இடைவெளி விட்டுப் போடுவது நம்ம கையில் இருக்கிறது.

மூன்றாவது, மோட்டார் நன்றாகக் கிளம்பி, பாதி வேகத்தில் 'டக்' என்ற மாற்றுச் சத்தம் கேட்கிறபோது விழுவது. பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் உண்டு. முதலில் ஸ்டாரில் லைன் கரண்டை மூன்றில் ஒரு பங்காக்கிக் கிளப்பும், பிறகு டெல்டாவுக்கு மாற்றும். ஸ்டாரில் இழுப்பும் மூன்றில் ஒரு பங்குதான். வேகம் பிடிக்குமுன் மாறிவிட்டால் பழைய பாய்ச்சல் வந்துவிடும். டைமரைச் சரிபார்க்க வேண்டும், பாரத்தையும் பார்க்க வேண்டும். இது எலக்ட்ரீசியன் வேலை.

பெரிய அம்பியர் பிரேக்கர் மாட்டினால் விழாது என்று சிலர் சொல்வார்கள். விழாதுதான். ஆனால் வயர் அதே வயர். சூடேறிச் சுவருக்குள் எரியும். ஓவர்லோட் ரிலேயின் திருகை ஏற்றி வைப்பதும் அதே மாதிரிதான். அது மோட்டாரின் தகட்டில் அடித்திருக்கிற அம்பியரை ஒட்டி, ஸ்டார்ட்டர் வகைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

பிரேக்கர் விழுந்தால் ஸ்டோரில் முதலில் திட்டு வாங்குவது சுவிட்ச் போட்டவர்தான். அது நியாயமில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். திட்டுக்குப் பயந்துதான் மறுபடி மறுபடி போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உள்சுற்று இன்னும் சூடாகிறது. ஒரு தடவை விழுந்தால் நிறுத்திவிட்டு, எது விழுந்தது, எத்தனை செக்கனில், சுற்றியதா உறுமியதா, வாடை அடித்ததா, புதிதாக எதையாவது மாற்றினார்களா என்று டீமேக்கரிடமும் எலக்ட்ரீசியனிடமும் சொல்லுங்கள். அடைத்துக்கொண்டது என்று பெல்ட்டுக்குள் கை விடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவரே வைத்திருக்க வேண்டும். சுற்றுகிற பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டாமல் மெஷினைப் போடச் சொன்னால், மாட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ரீவைண்ட் செய்து வந்த மூன்று பேஸ் மோட்டாரைப் பெல்ட் மாட்டாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். மாறிச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும், எலக்ட்ரீசியனுக்கு ஐந்து நிமிஷ வேலை.