காய்க்காத ஐந்து செடிகள்

1712-இல் பிரான்ஸ் அரசர் 14-ஆம் லூயி, ஃபிரேசியே என்ற ராணுவப் பொறியாளரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே ஸ்பெயின்காரர்கள் கட்டியிருந்த கோட்டைகளை வேவு பார்த்து வரைந்துவர வேண்டும். போன இடத்தில், சிலி நாட்டு மபுச்சே மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டுவந்த ஒரு பழம் அவர் கண்ணில் பட்டது. அதுதான் ஸ்ட்ராபெர்ரி! ஐரோப்பியக் காடுகளிலும் ஸ்ட்ராபெர்ரி உண்டு. ஆனால் விரல்நுனி அளவுதான் இருக்கும். சிலியில் சில பழங்கள் கோழிமுட்டை அளவு இருந்ததாக ஃபிரேசியே எழுதிவைத்தார்.

சில செடிகளோடு 1714-இல் ஊர் திரும்பினார். ஆறு மாதக் கப்பல் பயணம். மனிதர்களுக்கே குடிநீர் தட்டுப்பாடு. செடிக்கு யார் கொடுப்பார்கள்? எப்படியோ ஐந்து செடிகள் பிழைத்தன. தண்ணீர் தந்து உதவியவருக்கு அவற்றில் இரண்டைக் கொடுத்துவிட்டார்.

பிரான்சில் செடிகள் நன்றாக வளர்ந்தன, பூத்தன. ஆனால் காய்க்கவில்லை!

காரணம் இதுதான். சிலி ஸ்ட்ராபெர்ரியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஃபிரேசியே கொண்டுவந்தவை எல்லாம் பெண் செடிகள். மகரந்தம் தர ஆண் செடி ஒன்றுகூட இல்லை. பிரான்சின் பிரிட்டனிப் பகுதித் தோட்டங்களில், வட அமெரிக்காவிலிருந்து வந்த வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரியின் பக்கத்தில் நட்டபோதுதான் அவை காய்த்தன.

இந்தப் புதிரை விடுவித்தது யார் தெரியுமா? பதினேழு வயதுகூட நிறையாத டியூஷேன் என்ற இளைஞன். வேறொரு வகையின் மகரந்தத்தைச் சேர்த்து, சிலிச் செடியைக் காய்க்கவைத்து, 1764-இல் பழத்தோடு தொட்டியை அரசர் 15-ஆம் லூயியிடமே காட்டினான். தோட்டங்களில் புதிதாகத் தோன்றியிருந்த பெரிய ஸ்ட்ராபெர்ரி, சிலி, வர்ஜீனியா வகைகளின் கலப்பில் பிறந்தது என்று 1766-இல் எழுதிய நூலில் விளக்கினான். இன்று மகாபலேஷ்வரிலும் ஊட்டியிலும் விளைபவை அந்தக் கலப்பின் வாரிசுகள்தான்.

வட அமெரிக்காவின் செரோக்கி மக்களிடம் ஸ்ட்ராபெர்ரி பற்றி ஓர் அழகான கதை உண்டு. உலகின் முதல் கணவனும் மனைவியும் சண்டை போட்டார்கள். மனைவி கோபித்துக்கொண்டு நடையைக் கட்டினாள். சூரியன் அவள் வழியில் ஒவ்வொரு பழமாக முளைக்கவைத்தது. எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்ட்ராபெர்ரியைக் கண்டதும் நின்றுவிட்டாள்! பறித்துத் தின்றதும் கணவன் நினைவு வந்தது. பழங்களோடு திரும்பி நடந்தாள்.

100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சுக்கு இது சளைத்ததல்ல. வேகவைத்தால் அதில் ஒரு பங்கு போய்விடும். கழுவி அப்படியே தின்பதே நல்லது.

நாம் தின்னும் சிவப்புச் சதை, பூவின் அடியிலுள்ள பூத்தளம் பருத்து உண்டானது. அதனால்தான் இதைப் பொய்க்கனி என்கிறோம். மேலே புள்ளி புள்ளியாகத் தெரிபவைதான் உண்மையான கனிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. 1950-இல் நீட்ஷ் என்ற விஞ்ஞானி, இளங்காயிலிருந்து புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டார். சதை வளரவே இல்லை! ஆக்சின் என்ற ஹார்மோனைத் தடவியதும் மறுபடி பருத்தது. விதைகள்தான் ஆக்சினைச் சுரந்து சதையை வளர்க்கின்றன.

அடுத்த முறை கோணலான ஸ்ட்ராபெர்ரி கிடைத்தால், ஒடுங்கிய பக்கத்துப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் அவை குட்டியாக, நெருக்கமாக இருக்கும். பூவின் அந்தப் பக்கத்துக்கு மகரந்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை; அதனால் அங்கே விதையும் உருவாகவில்லை, சதையும் வளரவில்லை!