மல்லிகைக்கும் தடை

தேயிலை ஆலையில் வாடை ஒரு தொழில் பிரச்னை. அதைத் தொழிலாளியிடம் எப்படிச் சொல்வது?

தேயிலைத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது மணந்தாலும் இழுத்துக்கொள்ளும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெளிவரும்போது அதிலுள்ள ஈரம் சுமார் 3 சதவீதம்தான். காற்றிலிருந்து ஈரத்தோடு வாசனையையும் சேர்த்தே குடித்துவிடும். சீனாவில் தேயிலையோடு மல்லிகைப் பூவைக் கலந்து வைத்து மல்லிகைத் தேநீர் தயாரிப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். மூணாறிலோ நெல்லியாம்பதியிலோ சாதாரணத் தேயிலை தயாரிப்பவர்களுக்கு அதே குணம் தலைவலி. சலிப்பு அறையில் நிற்கும் பெண்ணின் மல்லிகைச் சரம், வாசனை எண்ணெய், மூட்டுவலித் தைலம், ஈரத்துணியின் வாடை எல்லாம் தூளுக்கு ஒன்றுதான்.

பூவை எடுக்கச் சொல்வது எளிது. "உங்கள் மேல் வாடை வருகிறது" என்று சொல்வது எளிதல்ல. இடுக்கி, பாலக்காடு எல்லைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களில் பலர் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தலித் குடும்பங்களின் வாரிசுகள். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்ற சொல், இன்று அவர்கள் காதில் சாதியைச் சொல்லிக்காட்டும் வசையாகவும் விழக்கூடும். ஒரு சொல்லால் கூனிக்குறுகி வேலையை விட்டே போகிறவர்களும் உண்டு.

ஆகவே ஆளைக் கேட்குமுன் தண்ணீரைக் கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூணாறில் துணி காய்வதே அரிது. ஒற்றை அறை லயத்தில் குடும்பமே வசிக்கும்போது குளிப்பதற்கும் வரிசைதான். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே மறைவான கழுவுமிடம் வேண்டும் என்றது. ஈர உடையைக் காயவைக்க இடம் தரும்படி விதி செய்ய மாநில அரசுகளுக்கு 43ஆம் பிரிவு அதிகாரம் அளித்தது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பறை, வீடு ஆகியவற்றை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. இவையெல்லாம் 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெம்பிளை ஒருமை' பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, லயங்களின் நெருக்கடியும் வெளியே பேசப்பட்டது.

வாடை என்றாலே அசுத்தம் என்பதும் தவறு. வியர்வைக்குத் தனியே மணம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. சர்க்கரை நோய் கட்டுக்கடங்காமல் போனால் மூச்சில் பழவாடை வீசலாம். 'ட்ரைமெதிலமினூரியா' என்ற அரிய பரம்பரைக் குறைபாடு இருந்தால், எத்தனை முறை குளித்தாலும் மீன்வாடை போகாது. இவர்களுக்குத் தேவை டாக்டர், சோப்பு அல்ல.

அப்படியானால் எப்படிச் சொல்வது? விதியை வேலைக்குச் சேரும் நாளிலேயே, காரணத்தோடு, எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். மல்லிகைக்குத் தடை என்றால் மேலாளர் பூசும் செண்டுக்கும் தடை. அப்போது அது தூளைக் காக்கும் விதியாகிறது. யாரையும் குத்திக்காட்டுவதாக ஆகாது. பிறகும் ஒருவரிடம் தனியாகப் பேச நேர்ந்தால், பெண்ணிடம் பெண்ணே பேசுவது நல்லது. ஷிப்ட் முடிந்தபின், ஆளில்லாத இடத்தில், அவர் பேசும் தமிழிலேயே பேச வேண்டும்: "அக்கா, தூள்ல வாடை ஏறுது. மழையில துணி காயலையா? வேற ஏதாவது சிரமம்னா சொல்லுங்க." இரண்டு நிமிடம் போதும். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் வரவே கூடாது. அதைக் கேட்டவர் மறுநாள் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பெயர் போடாமல் சோப்புக் கட்டியை மேஜையில் வைப்பதும், சக ஊழியர்கள் மூக்கைப் பொத்திச் சிரிப்பதும் இதே ரகம்.

சொன்ன பிறகு நிர்வாகத்துக்கும் வேலை இருக்கிறது. பூவைக் கழற்றி வைக்கவும், மாற்று உடையை வைக்கவும் ஆளுக்கொரு பெட்டி. கழுவுமிடத்தில் மழைக்காலத்திலாவது வெந்நீர். உலர்த்தும் இயந்திரத்துக்காக நாள் முழுதும் அடுப்பெரியும் ஆலைக்கு இது பெரிய செலவல்ல.