கடன் அடையும் முன்பே

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைப் பார்த்தவர்களிடம் எந்தக் காட்சி மனதில் நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் கடைசிக் காட்சியைத்தான் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் மரம், கூடை நிறையப் பணம், வீடு கொள்ளாத கூட்டம், எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு. நல்லவன் ஒருவனுக்கு ஊரே திரண்டு வந்து உதவியது, நன்மை செய்தால் நன்மை திரும்பி வரும் என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். ஃபிராங்க் காப்ரா 1946-இல் எடுத்த இந்தப் படத்துக்கு அப்படிப் பொருள் சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம். அந்தக் கூடை வீட்டுக்குள் வருவதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஜார்ஜ் பெய்லி மீண்டுவிடுகிறான். படத்தின் ஆன்மிகம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ஃபர்ட் ஃபால்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர். உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், பெரிய கட்டடங்களும் பாலங்களும் கட்ட வேண்டும் என்று துடிக்கும் ஜார்ஜால் ஒருமுறைகூட ஊரைத் தாண்டிப் போக முடியாமல் போகிறது. அப்பா இறக்கிறார். அவர் நடத்திய வீட்டுக்கடன் சங்கத்தைக் காப்பாற்ற இவன் தங்கிவிடுகிறான். படிக்கப் போன தம்பி ஹாரி, வேறு வேலையும் மனைவியுமாகத் திரும்பி வருகிறான். தேனிலவுக்குக் கிளம்பும் அன்று சங்கத்தின் வாசலில் மக்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு முண்டியடிக்கிறார்கள். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கிறான். சிறுவயதில் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்த தம்பியைக் காப்பாற்றப்போய் இடது காது செவிடானதால், போருக்கும் அவனை எடுக்கவில்லை. இப்படியே வருடங்கள் ஓட, ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சங்கத்தின் 8,000 டாலரை மாமா பில்லி தொலைத்துவிடுகிறார். அது ஊரின் பெரும் பணக்காரன் பாட்டர் கையில் சிக்குகிறது. அவன் திருப்பித் தரவில்லை. கையில் இருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தைக் கணக்குப் பார்த்தால், உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் தனக்கு மதிப்பு என்ற முடிவோடு ஜார்ஜ் பாலத்தின் மேல் போய் நிற்கிறான்.

இதில் தியாகி ஒருவனின் சாந்தமான முகத்தைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜார்ஜ் கசப்போடுதான் விட்டுக்கொடுக்கிறான். வீட்டுக்குள் பொருள்களை உதைக்கிறான், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறான், மகளின் ஆசிரியையைத் தொலைபேசியில் திட்டுகிறான். தன் ஆசைகள் ஒவ்வொன்றையும் புதைக்கும்போது அவனுக்கு வலித்தது. அந்த வலியை மறைக்காமல் காட்டியதால்தான், இத்தனை ஆண்டுகள் கழித்தும் குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் எவராலும் அவனைத் தன் வீட்டு ஆளாக நினைக்க முடிகிறது.

படம் ஜார்ஜின் முகத்தோடு தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பனி பெய்யும் இரவு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் ஒரு குரல். மருந்துக்கடைக்காரர், உணவகம் நடத்தும் மார்ட்டினி, அம்மா, மனைவி மேரி, பிள்ளைகள் என்று எல்லோரும் ஜார்ஜுக்காகப் பிரார்த்திக்கிறார்கள். அவன் பாலத்துக்குப் போவதை நாம் பார்ப்பது வெகுநேரம் கழித்துத்தான். ஆனால் அவனுக்கான மன்றாட்டு முதல் நிமிடத்திலேயே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவர் மற்றவருக்காக வேண்டிக்கொள்வது கிறிஸ்தவத்தில் மிகப் பழைய வழக்கம். சிசிலியில் 1897-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவில் குடியேறிய காப்ராவுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது.

பிறகு ஜார்ஜே பிரார்த்திக்கிறான், மார்ட்டினியின் மதுக்கூடத்தில், கையில் கோப்பையோடு. தனக்குப் பிரார்த்தனைப் பழக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வழி கேட்கிறான். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பிய பின் நடித்த முதல் படம் இது. அந்த வசனத்தைச் சொல்லும்போது, நினைத்துக்கூடப் பார்க்காதபடி தான் உடைந்து அழுதுவிட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். காமிரா தள்ளி இருந்தது. அந்த அழுகையை மறுபடி வரவழைக்க முடியாது என்று காப்ராவுக்குத் தெரியும். எடுத்த படச்சுருளையே ஆய்வகத்தில் பெரிதாக்கி முகத்தை அருகில் கொண்டுவந்தார். நாம் திரையில் காண்பது அந்த ஒரே முறை வந்த கண்ணீர்.

அந்தப் பிரார்த்தனைக்கு உடனே கிடைக்கும் பதில் முகத்தில் ஒரு குத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஆசிரியையின் கணவர். உதடு கிழிந்து ரத்தம் வருகிறது. கேட்டதற்குக் கிடைத்தது இதுதான் என்று ஜார்ஜ் புலம்புகிறான். வேண்டுதல் வைத்துவிட்டு முன்னிலும் பெரிய அடியை வாங்கிய எத்தனையோ பேரின் அனுபவம் இது. பக்திப் படங்கள் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துபோய்விடும். காப்ரா கடக்கவில்லை.

கிளாரன்ஸ் என்ற தேவதூதர் வருவது இதற்குப் பிறகுதான். இருநூறு ஆண்டுகளாகச் சிறகு கிடைக்காத இரண்டாம் நிலைத் தூதர். செத்துப்போன மனிதர் இப்படித் தேவதூதர் ஆவதாகக் கிறிஸ்தவ இறையியல் சொல்வதில்லை, தேவதூதர்கள் வேறு படைப்பு. அதனால் இந்தப் பாத்திரத்தை வேதபாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர் செய்யும் காரியத்தில் ஆழமான ஞானம் இருக்கிறது. சாகப் போகிறவனிடம் அவர் உபதேசம் செய்யவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. தானே ஆற்றில் குதித்து உதவி கேட்டுக் கத்துகிறார். ஜார்ஜ் தன் சாவை மறந்து அவரைக் காப்பாற்றப் பாய்கிறான். வாழ்நாள் முழுக்கக் கொடுத்துப் பழகியவனுக்கு, இன்னொருவர் தன்னை நம்பிக் கூப்பிடும்போது உயிர் வருகிறது. கிளாரன்ஸ் கையில் இருக்கும் புத்தகம் மார்க் ட்வைனின் 'டாம் சாயர்'. தன் சவ அடக்கச் சடங்கைத் தானே ஒளிந்திருந்து பார்க்கும் சிறுவனின் கதை அது. அடுத்து ஜார்ஜுக்கு நடக்கப்போவதும் கிட்டத்தட்ட அதுவே.

பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று அவன் சொன்னதும், கொட்டிக்கொண்டிருந்த பனி சட்டென்று நின்றுவிடுகிறது. செவிட்டுக் காது கேட்கிறது. உதட்டில் ரத்தம் இல்லை. காயம் எல்லாம் ஆறிவிட்டது, ஆனால் அவனை யாருக்கும் தெரியவில்லை. பெற்ற தாய்க்கே அவன் அந்நியன். காப்பாற்ற அண்ணன் இல்லாததால் ஹாரி சிறுவனாகவே கல்லறையில் கிடக்கிறான். ஹாரி இல்லாததால், போரில் அவன் காப்பாற்றியிருக்க வேண்டிய ஒரு கப்பல் நிறைய வீரர்களும் இல்லை.

என்னை அதிகம் கலங்க வைப்பது மருந்துக்கடைக்காரர் கோவர். மகன் இறந்த தந்தி வந்த நாளில், துக்கத்திலும் குடியிலும் மருந்துக்குப் பதில் விஷத்தை அடைத்துக் கொடுத்துவிடுகிறார். கடையில் வேலை பார்த்த சிறுவன் ஜார்ஜ் அதைக் கண்டுபிடித்து, கொண்டுபோய்க் கொடுக்காமல் நிறுத்திவிடுகிறான். அதற்காக அடி வாங்குகிறான், அதுவும் புண்பட்ட காதிலேயே. உண்மை தெரிந்ததும் அந்த மனிதர் சிறுவனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சிறுவன் வாக்குக் கொடுக்கிறான். ஒரு குழந்தையிடமிருந்து ஒரு பெரியவருக்குக் கிடைத்த பாவமன்னிப்பு அது. ஜார்ஜ் இல்லாத உலகத்தில் அந்த மன்னிப்பும் இல்லை. இருபது ஆண்டு சிறையில் இருந்துவிட்டு, மதுக்கூடத்தில் பிச்சை கேட்டு அவமானப்படும் குடிகாரராக கோவர் வந்து நிற்கிறார். அந்த வேடத்தில் நடித்த ஹெச்.பி. வார்னர், செசில் பி. டெமில் 1927-இல் எடுத்த 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' மௌனப் படத்தில் இயேசுவாக நடித்தவர். அன்று திரையில் கிறிஸ்துவாகக் கண்ட முகம், இங்கே ஊரால் உதறப்பட்டவனின் முகமாக வருகிறது.

பாலத்துக்கு ஓடிவந்து, மறுபடி வாழ வேண்டும் என்று ஜார்ஜ் இறைவனிடம் கெஞ்சுகிறான். பனி மீண்டும் விழுகிறது. உன் வாயில் ரத்தம் வருகிறதே என்று நண்பன் சொன்னதும் அவன் துள்ளிக் குதிக்கிறான். சட்டைப்பையைத் தடவுகிறான், சின்ன மகள் ஸூஸூ கொடுத்த பூவின் இதழ்கள் அங்கே இருக்கின்றன. காயமும் உதிர்ந்த இதழும்தான் அவன் உயிரோடிருப்பதற்குச் சாட்சி. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோமா அடையாளம் கண்டதும் காயங்களைக் கொண்டுதான். ஆறாத காயத்தோடுதான் நான் நான் என்பதை இதைவிட எளிதாகக் காட்டிய வேறொரு படம் எனக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் வெளியுலகில் எதுவும் மாறவில்லை. 8,000 டாலர் கிடைக்கவில்லை. கைது வாரண்டோடு அதிகாரி வீட்டில் காத்திருக்கிறார். இருந்தும் ஜார்ஜ் தெருத்தெருவாக ஓடி, இத்தனை காலம் சலித்துப்போயிருந்த கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறான். பாட்டருக்கும்கூட. சிறைக்குப் போவதையே கொண்டாட்டமாகச் சொல்கிறான். மாடிப்படிக் கைப்பிடியின் குமிழ் எப்போதும் கழன்று கையோடு வரும், அவனுக்கு எரிச்சல் ஏறும். அன்று அந்தக் குமிழுக்கு முத்தம் கொடுக்கிறான். இதைத்தான் அருள் என்று சொல்கிறேன்.

அதன் பிறகு பணம் வருகிறது. மேரி ஊருக்குள் போய்ச் சிலரிடம் சொல்லியிருக்கிறாள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. வானத்திலிருந்து ஒரு டாலர்கூட விழவில்லை என்பது முக்கியம். இந்தப் படத்தில் வானமும் வீட்டு வாசலும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இத்தாலியக் குடியேறியான மார்ட்டினி, ஜார்ஜின் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய புது வீட்டுக்குப் போகும் காட்சியைப் பாருங்கள். பிள்ளைகளோடு ஓர் ஆடும் காரில் ஏறி வருகிறது. ஜார்ஜும் மேரியும் வாசலில் நின்று ரொட்டியும் உப்பும் திராட்சை மதுவும் கொடுத்து வாழ்த்துகிறார்கள். குருவானவர் இல்லாமலே நடக்கும் ஒரு திருச்சடங்கு அது. அப்படிப் பெற்றுக்கொண்டவர்கள்தான் கடைசியில் திரும்பி வருகிறார்கள். கொடுக்க மட்டுமே தெரிந்த ஜார்ஜ் அன்றுதான் கைநீட்டி வாங்கக் கற்றுக்கொள்கிறான். அதுவும் ஒரு தாழ்மை.

பாட்டருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. குற்றத்துக்குத் தண்டனை காட்டியே ஆக வேண்டும் என்று ஹாலிவுட்டில் தணிக்கை விதி இருந்த காலம், ஆனாலும் காப்ரா அவனை அப்படியே விட்டுவிட்டார். சரியான முடிவு. தீமை ஊரில் தொடர்ந்து இருக்கும், அதை வைத்துக்கொண்டே நன்றியோடு வாழ முடியும் என்பது, வில்லனை வீழ்த்துவதைவிடக் கடினமான நம்பிக்கை. பாட்டரைக் காட்டிய விதத்தைப் பார்த்துவிட்டு, இது வங்கிக்காரர்களை இழிவுபடுத்தும் கம்யூனிஸ்ட் படமோ என்று எஃப்.பி.ஐ. 1947-இல் குறிப்பு எழுதி வைத்தது. ஏழைக்கு வீடு வேண்டும் என்று சொன்னதைப் பார்த்துப் பயந்தவர்கள், படத்தின் முதல் வரியே பிரார்த்தனை என்பதைக் கவனிக்கவில்லை போலும்.

இந்தக் கதையே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் பிறந்ததுதான். பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய சிறுகதையைப் பதிப்பிக்க யாரும் முன்வராததால், 1943-இல் அவரே 200 பிரதிகள் அச்சிட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். படமும் வெளியானபோது முதலுக்கே நஷ்டம். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றும் வெல்லவில்லை. 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால், தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி ஆண்டுதோறும் ஒளிபரப்பத் தொடங்கின. மக்கள் அதைக் கண்டெடுத்தது அப்படித்தான்.

பின்னாளில் இதற்கு வண்ணம் பூசியபோது காப்ராவும் ஸ்டூவர்ட்டும் எதிர்த்தார்கள். அவர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதி இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. 2 மணி 10 நிமிடம் ஓடும். இறுதிக் காட்சியைத் துண்டாக மட்டும் பார்த்தவர்கள், இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பிரதியை முதலிலிருந்து பாருங்கள். வீட்டில் களைத்துப்போயிருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.