ஆளுக்கொரு கிண்ணம்

வட்டிலப்பம் என்ற பெயரிலேயே வட்டில் இருக்கிறது. வட்டில் என்றால் கிண்ணம். ஆனாலும் எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய பாத்திரத்தில் அவிந்து, ஆறிய பின் துண்டு துண்டாக வெட்டப்பட்டே மேசைக்கு வரும். அதைச் சின்னக் கிண்ணங்களுக்கு நான் மாற்றியது அழகுக்காக அல்ல. எங்கள் வாப்பாவுக்குச் சீனி வருத்தம். பெருநாள் கழிந்து கிளினிக்குக்குப் போனபோது, "வட்டிலப்பம் எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்று தாதி கேட்டிருக்கிறார். வாப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. உம்மாவுக்கும் தெரியவில்லை. போகும்போது ஒரு துண்டு, வரும்போது ஒரு கரண்டி என்று எடுத்தால் யாருக்குத்தான் கணக்குத் தெரியும்?

அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 முட்டை, 250 கிராம் கித்துல் கருப்பட்டி, 250 மில்லிலீற்றர் தேங்காயின் முதற்பால். இந்தக் கலவையைப் பத்துச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றினால் ஒவ்வொன்றிலும் 25 கிராம் கருப்பட்டி. "கித்துல் கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனிதான். எனவே வாப்பாவின் கிண்ணத்துக்கு மட்டும் கருப்பட்டியைக் குறைத்துத் தனியாகக் கலக்கினேன். ஒரு முட்டை, 50 மில்லிலீற்றர் பால், 30 கிராம் கருப்பட்டி. இதை இரண்டு கிண்ணமாக்கினால் ஒன்றுக்கு 15 கிராம்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கருப்பட்டியைச் சீவி, சிறிதளவு தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். சூடான பாணியை முட்டையில் ஊற்றினால் அது அங்கேயே வெந்து திரிந்துவிடும். முட்டையை அடித்து, பாணியும் பாலும் சேர்த்து, ஏலப்பொடியும் சாதிக்காய்ப் பொடியும் இட்டு மீண்டும் வடித்துக்கொள்ளலாம். நுரை வர அடித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வரும். எங்கள் உம்மும்மாவுக்கு ஓட்டை இல்லாவிட்டால் அது வட்டிலப்பமே அல்ல. எனக்கு வழவழவென்று இருந்தால்தான் பிடிக்கும்.

வித்தியாசம் அவிப்பதில்தான் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். பாலும் சீனியும் கலந்தால் இறுகுவதற்கு இன்னும் கூடிய வெப்பம், ஏறத்தாழ 80 பாகை தேவை. அதற்கு மேலே போனால் முட்டை சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பெரிய பாத்திரத்தில் நடு வேகும்வரை ஒரு மணித்தியாலம் அடுப்பில் வைத்திருக்கும்போது ஓரங்கள் தேவைக்கு அதிகமாக வெந்துவிடுகின்றன. சின்னக் கிண்ணத்திலோ நடுவுக்கும் ஓரத்துக்கும் தூரம் குறைவு. மெல்லிய ஆவியில் பதினைந்து, பதினெட்டு நிமிடம் போதும். அசைத்துப் பார்த்தால் நடுப்பகுதி மட்டும் இலேசாக ஆட வேண்டும். மூடியில் ஒரு துணியைக் கட்டினால் ஆவித் துளிகள் உள்ளே சொட்டாது. சீனி குறைந்த கலவை சற்று முந்தி இறுகும். ஆகவே வாப்பாவின் கிண்ணங்களை முதலில் இறக்கிவிடுவேன்.

கிண்ணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நான் கழுவி வைத்திருந்த யோகட் கப்புகளில் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் அவை சுருண்டு, வட்டிலப்பம் முழுவதும் ஆவிப் பானைக்குள் போய்விட்டது. இப்போது பாவிப்பது எவர்சில்வர் கிண்ணங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வருவோம். வாப்பா கடை பூட்டி வர பத்து மணியாகும். நானா ரியூஷனால் எட்டு மணிக்கு வருவார். ஒவ்வொருவருக்கும் சோறு சூடாக்குவதே உம்மாவுக்கு வேலை. இதற்கு எனக்குக் கைகொடுத்தது லம்ப்ரைஸ். ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை நமது கரையோரங்களை ஆண்டார்கள். அவர்கள் வழிவந்த பறங்கியர் வீட்டுச் சாப்பாடு இது. பெயரும் ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தது. அவர்களது முறையில் பன்றியிறைச்சியும் சேரும். நாம் கோழியும் மாட்டிறைச்சியும் போட்டுச் செய்கிறோம்.

ரம்பை, கறுவா, ஏலம், கராம்பு போட்டு, கோழி அவித்த தண்ணீரில் சம்பா அரிசியைச் சமைக்க வேண்டும். வாழை இலையை நெருப்பில் வாட்டினால் அதன் மெழுகு இளகி, கிழியாமல் மடியும். ஒரு இலைக்கு ஒரு தேநீர்க் கோப்பை சோறு, குழம்பு வற்றிய கோழிக்கறி ஒரு துண்டு, கத்தரிக்காய் மோஜு, அவித்த முட்டை ஒன்று. மடித்துக் கட்டி, 180 பாகை ஓவனில் இருபது நிமிடம். இலை பழுப்பாகும்போது வருகிற வாசம்தான் இதன் உயிர். ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் மூடி வைத்துத் திருப்பிப் போடலாம். ஆவியில் வைத்தால் சூடாகும், ஆனால் அந்த வாசம் வராது.

ஒன்றை மட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்த சோற்றிலும் சாகாமல் இருக்கக்கூடும். சோறு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய பானைச் சோறு ஆற நெடுநேரம் எடுக்கும். சின்னப் பொதி விரைவில் ஆறும். ஆகவே உடனே சாப்பிடாதவற்றை இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, எடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

இதையெல்லாம் முதலில் எதிர்த்தவர் உம்மும்மாதான். "ஒரு சஹனில ஆறு பேர் கை போட்டுத் தின்ட வீடு மகள் இது. இப்ப ஆஸ்பத்திரி மாதிரி ஆளுக்கொரு கோப்பையா? பரகத் எங்க இருந்து வாற?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது பொய்யும் அல்ல. எட்டு மணிக்கு நானா தனியாகப் பொதியைப் பிரிப்பதைப் பார்க்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமைப் பகல் சஹன் என்று உம்மா தீர்ப்புச் சொன்னார். அன்று வாப்பாவும் ஜும்ஆ முடிந்து நேரே வீட்டுக்கு வருவார். பொதி கிடையாது, எல்லோரும் ஒரே தட்டில். வட்டிலப்பம் மட்டும் அன்றும் கிண்ணத்தில்தான்.

வாப்பாவின் கிண்ணத்தில் அடையாளத்துக்கு ஒரு முழுக் கஜுவை வைப்பேன். போன வெள்ளி அது காணாமல் போய்விட்டது. "இனிப்புக் கொஞ்சம் காணாது மகள்" என்று உம்மும்மா சொன்ன பிறகுதான் கள்வர் யாரென்று தெரிந்தது.